டெவோனியன் கடல்களில் ட்ரைலோபைட்டுகள்: கண்களின் வழியே ஒரு சரிவு வரலாறு

அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலிகளான ட்ரைலோபைட்டுகளின் முடிவு என்றதும் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவுதான் நினைவுக்கு வரும். ஆனால் அதில் மாண்டவை ஒரு பெருங்குலத்தில் எஞ்சிய கடைசிச் சில குடும்பங்களே. குலம் சிதைந்தது அதற்கு வெகு முன்பு, டெவோனியன் காலத்தில்: 41.9 கோடி முதல் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தச் சிதைவின் போக்கை, பேரினங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் கண்களே தெளிவாகக் காட்டுகின்றன என்பது என் கருத்து.

முற்பகுதி செழிப்பின் காலம். மொராக்கோவின் பாறைகளில் தலைமுன் திரிசூலம் நீண்ட வாலிசெரோப்ஸ் கிடைக்கிறது. பொலிவியா, தென்னாப்பிரிக்கா, ஃபாக்லாந்து தீவுகள் ஆகியவற்றின் குளிர்கடல்களில் கால்மோனியிட் குடும்பம் தனியே பல்கிப் பெருகியிருந்தது. இக்காலத்தின் மிக வியப்பான கண் மொராக்கோவின் எர்பெனோகைலுக்கு உரியது. கால்சைட் வில்லைகள் செங்குத்து வரிசைகளாக அடுக்கப்பட்ட உயரமான தூண்கள் அவை. உச்சியில் விளிம்பு வெளியே நீண்டு, மேலிருந்து விழும் ஒளியை மறைக்கிறது. ரிச்சர்ட் ஃபோர்ட்டியும் பிரையன் சாட்டர்ட்டனும் 2003இல் இதை விவரித்தனர். கண்ணுக்கு நிழல் தேவைப்பட்டதென்றால் அவ்வுயிர் பகலொளி எட்டும் நீரில் நடமாடியிருக்க வேண்டும்.

நடு டெவோனியனில் கடல்மட்டம் உயர்ந்தது. தென்திசைக் குளிர்கடல் விலங்குக் கூட்டம் மறைந்தது. ஜிவெட்டியன் கட்டத்தின் டகானிக் நெருக்கடியில் மேலும் பல குடும்பங்கள் போயின.

அடுத்த கட்டமான ஃபிராஸ்னியனுக்குத் தென் பிரான்சின் மோன்டாக்னே நுவார் மலைப்பகுதியே சிறந்த சாட்சி. அங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ரைமுண்ட் ஃபைஸ்டும் யூவன் கிளார்க்சனும் 1989இல் வெளியிட்ட முடிவு, இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. ட்ரோபிடோகோரிஃபிட் வழிமரபில், கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்குச் செல்லச் செல்லக் கண் சுருங்குகிறது. கடைசியில் கண்ணே இல்லை. கடல் ஆழமாகி அடித்தளம் இருண்டபோது பார்வை பயனற்றதாயிற்று. இதைச் சீரழிவு என்று சொல்வது தவறு. அமைதியான, மாறாத ஆழத்துக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின. அந்தப் பொருத்தமே அவற்றைச் சிக்கவைத்தது என்று கருதுகிறேன். ஏறத்தாழ 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கெல்வாசர் நிகழ்வுகளில் ஆக்சிஜன் குறைந்த நீர் கடலடியைச் சூழ்ந்தது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் அதன் தடயம் இரு கரிய அடுக்குகளாகத் தெரிகிறது. ஆழத்துக்கே பழகிய உயிர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. ட்ரோபிடோகோரிஃபிட்டுகள் அழிந்தன. ஹார்பெட்டிடா, ஓடோன்டோப்ளூரிடா, லிச்சிடா, கொரினெக்ஸோகிடா ஆகிய வரிசைகளும் ஃபிராஸ்னியனைத் தாண்டவில்லை. அழிந்தது இனங்கள் மட்டுமல்ல; முள்ளடர்ந்த உடல், அகன்ற தலைவிளிம்பு என உடலமைப்பின் முழு வகைகளே போயின.

எஞ்சியவை ஃபாகோபிடா, புரோயிட்டிடா என்ற இரண்டு வரிசைகள். ஃபாமெனியன் கட்டத்தில் இரண்டும் மீண்டும் பெருகியதால் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் இதை மீட்சி என்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழந்த உடலமைப்புகள் எவையும் திரும்பவில்லை; ஃபாகோபிட்டுகளில் ட்ரைமெரோசெஃபாலஸ் போன்ற குருட்டுப் பேரினங்கள் எழுந்தன. போலந்தின் கோவாலாவில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டிய நிலையிலேயே கல்லாகியுள்ளன. பார்வையில்லாத இவை தொடுதலாலோ நீரில் கரைந்த வேதிக் குறிப்புகளாலோ ஒன்றையொன்று பின்தொடர்ந்திருக்கலாம்.

35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹேங்கன்பெர்க் நிகழ்வில் ஃபாகோபிடாவும் முற்றாக அற்றுப்போனது. அதன்பின் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல், பெர்மியன் முடிவுவரை, புரோயிட்டிடா ஒன்றே எஞ்சி வாழ்ந்தது.