கைப்பிடி அரிசியும் கடவுள் அன்பும்



"நீ எஞ்சினியர்தானே, டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடேன்" என்றுதான் மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். நானோ சரித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் நான் பிறந்து வளர்ந்த தச்சநல்லூர்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரையிருப்பு என்று ஒரு சிற்றூர் உண்டு. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று போற்றப்படும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-ல் பிறந்த ஊர் அது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு வைணவக் குடும்பத்துப் பிள்ளை, கடவுள் அன்பைப் பாட ஒரு காப்பியமே எழுதி முடித்தார்.

கடவுளிடத்தில் அன்பு செலுத்த வேண்டும் என்று எல்லாச் சமயங்களும்தான் சொல்கின்றன. கிறிஸ்தவர்களுக்கு அது முதல் கட்டளையே. ஆனால் "அன்பு செலுத்து" என்று சொன்ன மாத்திரத்தில் அன்பு வந்துவிடுமா? வந்த அன்பு வளர்வதற்கு மனிதன் கையால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்கு நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து காட்டிய பதிலைத்தான் எழுத முயல்கிறேன். இது பிரசங்கம் அல்ல, வரலாறு. ஆகவே மற்றச் சமய நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

கோயிலும் கிணறும்

பாளையங்கோட்டையில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் கதை ஒரு விதவைப் பெண்ணிடம் தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மையார் 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா என்று பெயர் சூட்டிக்கொண்டார். 1780-ல் சுவார்ட்ஸ் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் வெறும் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது.

புதிதாக வந்த அன்பை அவர் என்ன செய்தார்? கட்டினார்! அவருடைய முயற்சியால் எழுந்த சிறிய கோயில் 1785-ல் திறக்கப்பட்டது. ஊர் ஜனங்கள் அதைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே அழைத்தார்கள். அதோடு நில்லாமல் ஊராருக்காக ஒரு கிணறும் வெட்டினார். கோயில் கடவுளுக்கு, கிணறு அக்கம்பக்கத்தாருக்கு. கடவுள் அன்பையும் பிறர் அன்பையும் பிரிக்க முடியாது என்பதை அந்த அம்மையார் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

மணி ஓசை

1820-ல் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார் ஜெர்மானியரான ரேனியஸ் ஐயர். அவர் காலத்திலும் பின்பும் கிறிஸ்தவ ஊர்கள் பெருகின. பெரும்பாலோர் எழுத்தறியாத ஏழை உழைப்பாளிகள். பனையேறுகிறவர்களும் கூலிக்கு உழுகிறவர்களும் தனியே உட்கார்ந்து வேதம் வாசித்துத் தியானிக்க முடியுமா? முடியாது. ஆகவே பழக்கம் ஊர்ப் பழக்கமாக உருவாயிற்று. காலையிலும் மாலையிலும் கோயில் மணி அடிக்கும். வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் வந்தவர்கள் கூடுவார்கள். உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, ஜனங்கள் திரும்பச் சொல்வார்கள். நடுநடுவே அவர் கேள்வி கேட்பார், சபையே சேர்ந்து பதில் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான்.

நம் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. கான்கிரீட் போட்ட அன்றைக்கே அதற்குப் பலம் வந்துவிடாது. முறையாகத் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். 28 நாள் கழித்துத்தான் பலத்தைச் சோதிப்போம். போட்டுவிட்டு வெயிலில் விட்டால் வெடிப்புத்தான் விழும். "ஒரு நாள் கூட்டத்தில் மனசு உருகிட்டுது" என்பது கான்கிரீட் போட்டதைப் போல. தினமும் அடித்த அந்த மணிதான் தண்ணீர் விட்டது.

இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் எழுப்பிய கோயிலும் இதைத்தான் சொல்கிறது. 1847-ல் தொடங்கிய வேலை 1880-ல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள்! 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர், தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் அவசரப்படாமல் கல் மேல் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு

இரண்டாவது வழி பாட்டு. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் 12 வயதில் சுவார்ட்ஸுடன் தஞ்சாவூர் சென்று படித்தார். பிற்காலத்தில் மன்னரான இரண்டாம் சரபோஜி அவருடைய பள்ளித் தோழர். குற்றாலக் குறவஞ்சியால் தமிழ்நாடே அறிந்திருந்த இலக்கிய வகையை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். தலைவி தலைவன் மேல் கொண்ட காதலாகக் கடவுள் அன்பு அதில் வருகிறது. தமிழர் நெஞ்சுக்கு நன்றாகத் தெரிந்த வழி அது. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் நம் ஊர்க் கோயில்களில் ஒலிக்கின்றன.

அடுத்து நம் கரையிருப்பு கிருஷ்ண பிள்ளை. 1853-ல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, கம்பனில் தோய்ந்த தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் நூல் வெளிவந்தது 1894-ல். அப்போது அவருக்கு வயது 67! 'இரட்சணிய மனோகரம்' 1899-ல் வந்தது. அடுத்த ஆண்டு மறைந்தார்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. சிறுவயதில் படித்த தமிழையும் கம்பனையும் அவர் வாசலிலே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. தன்னிடம் இருந்ததில் சிறந்தது எதுவோ அதைத்தான் கடவுளுக்குக் கொண்டுவந்தார். படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது பொருந்தும். கணக்கோ, கவிதையோ, கம்ப்யூட்டரோ, நன்றாக வருவது எதுவோ அதையே காணிக்கையாக்கலாம்.

கைப்பிடி அரிசி

மூன்றாவது வழி கொடுப்பது. நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்ற பழக்கம் உண்டு. உலை வைக்கு முன் வீட்டுப் பெண்கள் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது கோயிலுக்கும் ஊழியத்துக்கும் போகும். எங்கள் ஆச்சி இதில் ரொம்பக் கண்டிப்பு. "சாமிக்கு எடுத்து வச்சிட்டுத்தாம்ல நமக்கு உலை" என்பாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாளிலும் பானைக்குள் கை போகும், பிடி மட்டும் கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை உலை என்றால் ஆண்டுக்கு 730 தடவை கடவுளை நினைத்தாயிற்று! அரிசியின் மதிப்பைவிட இந்த 730 பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

இந்தச் சிறு கொடைகள் எவ்வளவு தூரம் போயின என்று பாருங்கள். கிறிஸ்தவர்களானதால் இருந்த இடத்தை இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-ல் ரேனியஸ் 'தர்ம சங்கம்' ஏற்படுத்தினார். ஏழைகளின் பணம் ஏழைகளுக்கே வீட்டு மனையாயிற்று.

1902-ல் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை அனுப்பித் தாங்களே ஆதரித்ததைக் கண்டார். 'நம்மால் ஏன் முடியாது?' என்ற எண்ணம் பிறந்தது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே கொள்கை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் என்பதை மறந்துவிடாதீர்கள்! அடுத்த ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட்டார். 1909-ல் அசரியாவே தோர்ணக்கல் சென்றார். தெலுங்கு கற்று, அந்த ஏழை மக்களோடு வாழ்ந்தார். 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக உயர்த்தப்பட்டார். 1945-ல் மறையும்வரை அவர் பணிக்களம் அதுவே.

பந்தியில் வைத்த சோதனை

இதுவரை எழுதியது பெருமைக்குரிய பக்கம். அடுத்த பக்கத்தையும் எழுதாவிட்டால் இது சரித்திரம் ஆகாது.

1820-களில் ரேனியஸ் தம் மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபத்துக்கு மறுப்பில்லை, பாட்டுக்கு மறுப்பில்லை, பந்திக்குத்தான் மறுப்பு! உள்ளம் உருகக் கடவுள் அன்பைப் பாடிய வேதநாயக சாஸ்திரியாரே தஞ்சை சபையில் சாதி வழக்கங்களைக் காக்க எழுதி வாதாடினார். கத்தோலிக்கரிலும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதியாரைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-ல் தந்தை கௌசானல் காலத்தில் அது இடிக்கப்பட்டபோது சிலர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

ஆக, மணி ஓசை கேட்கலாம், பாட்டுப் பாடலாம், அரிசி எடுத்து வைக்கலாம். இவ்வளவும் செய்துகொண்டே பக்கத்து இலைக்காரனை விலக்கி வைக்கவும் முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்பதுதானே வேதம் வைக்கும் சோதனை? கான்கிரீட்டுக்கும் க்யூப் டெஸ்ட் உண்டு. பார்வைக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது.

இது பழங்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்றப் போன தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அளித்த அறிக்கையில், சாதி அடையாளமாக மாணவர்கள் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. அரிசி எடுத்து வைத்த கைகள் நம் ஊரில்தான் உண்டு, கயிறு கட்டிய கைகளும் நம் ஊரில்தான் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

இன்று நம்மில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறோம். ஊர் மணி அங்கே கேட்காது. பானையில் கைவிட ஆச்சியும் இல்லை. ஆனால் பழக்கத்தின் கருத்தைக் கையோடு கொண்டுபோகலாம்.

நேரத்துக்கு மணி அடிக்க இன்று செல்போன் போதும். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம். வாரம் ஒரு வசனம் மனப்பாடம், அதுவும் பிள்ளைகளோடு சேர்ந்து, கேள்வி கேட்டு. வாரத்தில் ஒரு நாள் வீட்டில் தமிழ்க் கீர்த்தனை ஒன்று பாடலாம். ராகம் கொஞ்சம் தப்பினாலும் பாதகமில்லை! சம்பளம் வந்ததும் செலவுக்கு முன்னால் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். மிச்சத்தில் கொடுப்பது வேறு, முதலில் எடுத்து வைப்பது வேறு. ஆச்சி உலைக்கு முன்தான் எடுத்தாள், சோறு மிஞ்சிய பின் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தி. கோயில் பண்டிகைகளில் அசனம் நடக்கிறது. பெரிய செம்புகளில் சோறும் குழம்பும் கொதிக்க, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. அந்த வரிசை ஒரு நாளோடு முடிந்துவிடக் கூடாது. நம் வீட்டு மேசைக்கு இதுவரை யாரைக் கூப்பிட்டதில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்து, அவர்களைக் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டுக்கு நாமும் போய்ச் சாப்பிடுவோம். மாணவத் தம்பிகளே, ஹாஸ்டல் மெஸ்ஸில் தனி மேசை என்று ஒன்று உருவாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒருவன் கையில் கயிறு கட்ட வந்தால், "வேண்டாம்டே, வா சாப்பிடப் போவோம்" என்று சொல்ல ஒரு நண்பன் போதும்.

கடவுள் அன்பு வளர்ந்திருக்கிறதா என்பதை ஜெபத்தின் நீளம் காட்டாது. பக்கத்தில் யாருக்கு இலை போட்டோம் என்பதுதான் காட்டும். கைப்பிடி அரிசி கடைசியில் சோறாகித்தானே ஆக வேண்டும்? அந்தச் சோறு எல்லோருக்கும் ஒரே பந்தியில் பரிமாறப்படட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!