பெயரை அடுத்து வரும் ஆங்கில வினையெச்சம்

பெயரை அடுத்து வரும் வினையெச்சம் என்பது, ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் "டு" என்னும் இடைச்சொல்லுடன் வினைச்சொல் சேர்ந்து, அப்பெயரின் பயனையோ உள்ளடக்கத்தையோ விளக்கும் தொடரமைப்பு ஆகும். "வாட்டர் டு டிரிங்க்" (குடிக்கத் தண்ணீர்), "எ டிசிஷன் டு லீவ்" (வெளியேறும் முடிவு) என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்விடத்தில் வரும் வினை, பிரேசல் வெர்ப் எனப்படும் கூட்டுவினையாக இருப்பதும் உண்டு. "எ ஃபார்ம் டு ஃபில் இன்" (நிரப்ப வேண்டிய படிவம்) என்பது அத்தகையது. தமிழில் இதற்கு நெருங்கிய வடிவம் செயவெனெச்சம் ஆகும். எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலம் எழுதுவோர் இவ்விடத்தில் இடறுவதற்கு இவ்வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது.

தமிழ் இலக்கணத்தில்

தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளாக ஒன்பதையும், நன்னூல் பன்னிரண்டையும் கூறுகின்றன. "செய" என்பது இரண்டிலும் இடம்பெறும் வாய்பாடு. குடிக்க, விதைக்க, உட்கார போன்ற சொற்கள் இதன்பாற்படும்.

செயவெனெச்சம் நோக்கத்தை மட்டும் உணர்த்துவதன்று. "மழை பெய்யப் பயிர் முளைத்தது" என்னும்போது அது காரணத்தையும், "பொழுது சாய வந்தான்" என்னும்போது உடனிகழ்ச்சியையும், "உண்ண வந்தான்" என்னும்போது நோக்கத்தையும் காட்டுகிறது. ஆங்கில "டு" வடிவத்துடன் பொருந்துவது மூன்றாவது வகையே. முதல் தொடரை "டு ரெயின்" என்று தொடங்கி மொழிபெயர்த்தால், மழை பெய்வதற்காகவே பயிர் முளைத்தது என்ற விபரீதப் பொருள் வந்துவிடும்.

மற்றொரு வேறுபாடு இன்னும் அடிப்படையானது. தமிழ் மரபில் வினையெச்சம் வினையைக் கொண்டே முடியும். பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். "குடிக்கத் தண்ணீர் இல்லை" என்ற தொடரில் "குடிக்க" என்பது "இல்லை" என்னும் வினைக்குறிப்பைத் தழுவுகிறதே அன்றித் "தண்ணீர்" என்னும் பெயரைத் தழுவவில்லை. அதனால்தான் "குடிக்கத் தண்ணீர்" என்று நிறுத்தினால் ஏதோ குறைவதுபோல் தோன்றுகிறது. ஆங்கிலத்திலோ வினையெச்சம் பெயரோடு நேராகவே இணைகிறது.

"வேலையை விட முடிவு செய்தார்" என்பது நல்ல தமிழ். ஆனால் "வேலையை விட முடிவு அனைவரையும் வருத்தியது" என்று எழுத முடியாது. "வேலையை விடும் முடிவு" அல்லது "விடுவது என்ற முடிவு" என்றே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு இடங்களிலும் "டு" வடிவமே வரும்.

கரிசல் வட்டார வழக்கில்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளும் அவற்றை ஒட்டிய சாத்தூர், சங்கரன்கோவில் பகுதிகளின் சில பாகங்களும் கரிசல் மண்ணைக் கொண்ட வறண்ட நிலப்பரப்பாகும். இங்கு வேளாண்மை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி முறையில் நடைபெறுகிறது. "விதைக்க ஈரம் இல்லை", "பருத்தி எடுக்க ஆள் இல்லை", "மாட்டுக்குப் போட நாற்று இல்லை" (இங்கு நாற்று என்பது சோளத்தட்டை போன்ற தீவனப் பயிரையும் குறிக்கும்) என்பன போன்ற தொடர்கள் இத்தகைய நிலத்தில் இயல்பாக எழுபவை. இல்லாமையைச் சொல்லும் தொடர்களில் செயவெனெச்சம் மிகுதியாகப் பயில்வது கவனிக்கத்தக்கது. நெல்லைப் பகுதிப் பேச்சில் "குடிக்கதுக்கு", "விதைக்கதுக்கு" என்ற வடிவங்களும் கேட்கப்படுகின்றன. இவை குடிப்பதற்கு, விதைப்பதற்கு என்னும் நான்காம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயர்களின் பேச்சு வடிவங்கள் ஆகும்.

இப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் கணிசமாக வாழ்கின்றனர். பொதுத் தெலுங்கில் "தாகடானிகி நீள்ளு" என்பது குடிப்பதற்குத் தண்ணீர் என்று பொருள்படும். அங்கும் வினை முன்னும் பெயர் பின்னுமாகவே வருகின்றன. ஆகவே கரிசல் மாணவர் ஒருவர் வீட்டில் எம்மொழி பேசினும், ஆங்கிலத்துக்கு வரும்போது வரிசையைத் தலைகீழாக்கியே ஆக வேண்டியுள்ளது. தழுவும் சொல் தழுவப்படும் சொல்லுக்கு முன்னால் நிற்பது திராவிட மொழிகளின் பொது இயல்பு. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட தமது ஒப்பிலக்கண நூலில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் வெளிக்கொணர்ந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இவ்வட்டாரத்தின் சொற்களைத் திரட்டிய முன்னோடி நூலாகும். தொடரமைப்பை அறிய விரும்புவோர் அவருடைய கதைகளில் வரும் உரையாடல்களையும், அதே ஊரினரான கு. அழகிரிசாமியின் கதைகளையும் நாடலாம்.

ஈற்றில் நிற்கும் சொல்

"எழுத" என்ற ஒரே சொல் தமிழில் மூன்று வேறு பெயர்களுக்கு முன் எந்த மாற்றமுமின்றி நிற்கிறது: எழுதக் கடிதம் இருக்கிறது, எழுதத் தாள் இருக்கிறது, எழுதப் பேனா இருக்கிறது. கடிதம் எழுதப்படும் பொருள், தாள் எழுதும் இடம், பேனா எழுதும் கருவி என்பதைக் கேட்பவரே உணர்ந்து கொள்கிறார். ஆங்கிலம் இவ்வுறவை வெளிப்படையாகச் சொல்லுமாறு கேட்கிறது. "எ லெட்டர் டு ரைட்" என்பதில் ஈற்றில் எதுவும் வராது. தாளுக்கு "எ பேப்பர் டு ரைட் ஆன்" என்றும், பேனாவுக்கு "எ பென் டு ரைட் வித்" என்றும் வர வேண்டும். "எ சேர் டு சிட்" என்று எழுதிவிட்டு "ஆன்" என்பதை விட்டுவிடுவது இதனால் நேரும் பிழையாகும்.

கூட்டுவினைகளில் ஈற்றுச்சொல் வினையின் பகுதியாகவே இருப்பதால் அதை விட்டால் பொருளே மாறும். "மணி டு பே" என்றால் செலுத்த வேண்டிய அல்லது செலுத்துவதற்கான பணம். "மணி டு பே பேக்" என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், அதாவது கடன். பயிர்க்கடனோ முன்பணமோ பெறுபவருக்கு இந்த ஒரு சொல் சிறியதன்று. அதுபோலவே, "எ டிசிஷன் டு டேக் ஆன் ஒர்க்கர்ஸ்" என்று தீப்பெட்டி ஆலை ஒன்றின் அறிவிப்பு கூறினால் புதிதாக ஆள் எடுக்கப் போகிறார்கள். "டு லே ஆஃப் ஒர்க்கர்ஸ்" என்றால் இருப்பவர்களை நிறுத்தப் போகிறார்கள்.

தமிழிலும் கூட்டுவினைகள் உண்டு. ஆங்கில "புட் ஆஃப்" என்பதற்குத் தள்ளிப்போடு என்பதும், "லுக் ஆஃப்டர்" என்பதற்குப் பார்த்துக்கொள் என்பதும் ஈடாகின்றன. ஆனால் தமிழில் எச்ச விகுதியைக் கடைசி உறுப்பே ஏற்கும்: தள்ளிப்போட, பார்த்துக்கொள்ள. ஆங்கிலத்தில் "டு" முதலுறுப்பின் முன்னால் நிற்க, இடைச்சொல் அசையாமல் பின்னால் நிற்கிறது.

பெயரே செயப்படுபொருளாக இருக்கும்போது அதற்குச் சுட்டுப்பெயர் மீண்டும் வராது. "எ ஃபார்ம் டு ஃபில் இட் இன்" என்பது பிழை. "எ ஃபார்ம் டு ஃபில் இன்" என்பதே சரி. பெயர் எழுவாயாக இருந்தால் நிலை வேறு. "ஷி ஹேஸ் எ சன் டு லுக் ஆஃப்டர்" என்றால் அவள் பராமரிக்க வேண்டிய மகன் ஒருவன் இருக்கிறான். "ஷி ஹேஸ் எ சன் டு லுக் ஆஃப்டர் ஹர்" என்றால் அவளைப் பராமரிக்க ஒரு மகன் இருக்கிறான். தாயைச் சுட்டும் "ஹர்" வருவதும் வராததுமே யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை முடிவு செய்கிறது. தமிழில் இவ்வேலையை "அவளைப் பார்த்துக்கொள்ள" என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிறது.

எல்லாப் பெயர்களும் ஏற்பதில்லை

முடிவு, முயற்சி, வாக்குறுதி, திட்டம், அனுமதி, மறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்கள் "டு" வடிவத்தை ஏற்கின்றன. இவற்றுள் பல, "டு" வடிவம் ஏற்கும் வினைகளிலிருந்தே பிறந்தவை. "டிசைட்" என்னும் வினை ஏற்பதால் "டிசிஷன்" என்னும் பெயரும் ஏற்கிறது. ஆயினும் இதை விதியாகக் கொள்ள இயலாது. "ஹோப்" என்பது வினையாக "டு" வடிவத்தை ஏற்பினும், பெயராகும்போது பெரும்பாலும் "ஹோப் ஆஃப் வின்னிங்" என்றே வருகிறது. "பாசிபிலிட்டி" என்பதும் "ஆஃப்" உடன் "இங்" வடிவத்தையே வேண்டும். "சான்ஸ்" என்பதோ வாய்ப்பு என்னும் பொருளில் "டு" வடிவத்தையும், நிகழக்கூடிய அளவு என்னும் பொருளில் "ஆஃப்" வடிவத்தையும் ஏற்கும். இத்தகைய பெயர்களை அகராதியின் எடுத்துக்காட்டுத் தொடர்களோடு சேர்த்துப் படிப்பதே வழி. தமிழில் இவை யாவும் "வெல்லும் நம்பிக்கை", "வெல்லும் வாய்ப்பு" எனப் பெயரெச்சத்தாலேயே அமைந்துவிடுவதால், தமிழ் வடிவத்தைக் கொண்டு ஆங்கில வடிவத்தை ஊகிக்க முடிவதில்லை.