வீழ்ந்தவன் யார்? – ஆங்கிலச் சட்டத்தில் இடப்பொறுப்பின் வரலாறு

பிறருக்குரிய இடத்தில் கால் இடறி வீழ்ந்து காயமுற்ற ஒருவன் அவ்விடத்துக்குப் பொறுப்பானவனிடம் நட்டஈடு கோரலாமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து மிகச் சிறியதொன்றாகவே தோன்றும். தேய்ந்த படிக்கட்டு, மூடப்படாத குழி, ஈரம் உலராத தரை என்பன வரலாற்றாசிரியரின் கவனத்துக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் சொத்துடைமைக்கும் மனித உடலுக்கும் இடையே ஒரு சமூகம் எதனைப் பெரிதென மதித்தது என்பதை இவ்வழக்குகள் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றன. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஏறத்தாழ நூறாண்டுகளாக வீழ்ந்தவனிடம் முதலில் வினவியது, அவன் எவ்வாறு வீழ்ந்தான் என்பதையன்று. அவன் யார் என்பதையே.

1856ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட சவுத்கோட் எதிர் ஸ்டான்லி வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். எதிராளி ஒரு விடுதியை நடத்திவந்தவர். வழக்காளி அங்கு பணங்கொடுத்துத் தங்கியவரல்லர். அழைப்பின்பேரில் வந்த விருந்தினர். வெளியேறுவதற்காக அவர் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளியபொழுது, உறுதியற்றிருந்த கண்ணாடித் துண்டொன்று வீழ்ந்து அவரைக் காயப்படுத்தியது. வழக்குத் தோல்வியுற்றது. விருந்தினர் தங்கியிருக்குங்காலத்தில் குடும்பத்தவருள் ஒருவராகிறார், ஆகவே வீட்டின் குறைகளை அவர்களைப் போன்றே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. பணியாளன் தன் எசமானிடம் இத்தகைய நட்டஈடு கோரமுடியாதென 1837இல் பிறீஸ்ற்லி எதிர் பௌலர் வழக்கில் நிறுவப்பட்டிருந்த கொள்கையின் நிழல் இத்தீர்ப்பிற் படிந்திருந்தது. விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் மரபில் வந்தோருக்கு, விருந்தினனாக இருப்பதே உரிமையை இழப்பதற்குக் காரணமாயிற்று என்பது வியப்பைத் தரும்.

பத்தாண்டுகளின் பின், 1866இல், இண்டர்மோர் எதிர் டேம்ஸ் வழக்கு வந்தது. வாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவர், தம் முதலாளி பொருத்திக்கொடுத்த வாயுச் சீராக்கியைப் பரிசோதிப்பதற்காக ஒரு சீனி சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்றார். சீனியை மேலுங் கீழும் கொண்டுசெல்வதற்காக அவ்வாலையின் தளங்களினூடே ஒரு திறந்த வழி விடப்பட்டிருந்தது. அதன் வாய் தரையோடு தரையாக இருந்தது; சுற்றிலும் வேலி இல்லை. தொழிலாளி அதனூடாக வீழ்ந்து படுகாயமடைந்தார். தொழில் நடக்கும்பொழுது அவ்வழி திறந்திருக்க வேண்டியதே. எனினும் பயன்படுத்தப்படாத வேளையில் அதற்குத் தடுப்பிடுவதில் எவ்விதச் சிரமமும் இருந்திருக்காது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் வில்ஸ், இருவருக்கும் பொதுவானதொரு தொழிற் காரியத்தின் பொருட்டு வந்தவருக்கு, இடத்துக்குரியவர் தாம் அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய வழமைக்கு மாறான ஆபத்திலிருந்து காப்பதற்கு நியாயமான கவனம் எடுத்தல் வேண்டும் என்றார். 1867இல் மேன்முறையீட்டிலும் அது நிலைநின்றது.

தொழிலாளி வென்றார் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவர் எதன்பேரில் வென்றார் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அவருடைய வருகையால் ஆலைக்காரருக்கும் நன்மையிருந்தது. அதன்பேரிலேயே பாதுகாப்பு வழங்கப்பட்டது. அதே நீதியரசர் அடுத்த ஆண்டிலேயே, 1867இல், கோட்றே எதிர் எகேர்ட்டன் வழக்கில், வெறும் அனுமதியுடன் ஒரு நிலத்தின் வழியே செல்பவர் பரிசு பெற்றவரை ஒத்தவர் என்றும், கொடுத்தவரிடம் வஞ்சகத்தை ஒத்த நடத்தை இருந்தாலன்றிப் பரிசிலுள்ள குறைக்காக அவரிடம் முறையிடமுடியாதென்றும் கூறினார். இவ்வாறு, தொழில் நன்மைக்காக அழைக்கப்பட்டவர், அனுமதி மட்டும் பெற்றவர், அத்துமீறி நுழைந்தவர் என மனிதர் மூன்று படிகளில் நிறுத்தப்பட்டனர். முதலாமவருக்கு நியாயமான கவனம். இரண்டாமவருக்கு அறியப்பட்ட மறைபொறிகள் பற்றிய எச்சரிக்கை. மூன்றாமவருக்கு வேண்டுமென்றே தீங்கிழைக்காமை என்பதற்கு மேல் எதுவுமில்லை. ஒரே படிக்கட்டில் ஒரே நாளில் மூவர் வீழ்ந்தால் மூன்று நீதிகள் பிறக்கும்.

இப்பாகுபாடு எத்துணை விபரீதமான முடிவுகளுக்கு இட்டுச்சென்றதென்பதைப் பின்வந்த தீர்ப்புகள் காட்டும். 1923இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்றில், தொடர்மாடி வீட்டில் உறவினருடன் தங்கியிருந்த பெண்ணொருவரின் காலணிக்குதி தேய்ந்த பொதுப்படிக்கட்டின் பள்ளத்திற் சிக்க, அவர் வீழ்ந்தார். அவர் கட்டட உரிமையாளரின் அனுமதி பெற்றவர் மாத்திரமே, பள்ளமும் கண்ணுக்குத் தெரியக்கூடியதே என்று கூறி நட்டஈடு மறுக்கப்பட்டது. 1950இல் இன்னொரு பெண் கடையொன்றுக்குச் செல்கையில், முன்றிலின் தளத்திலிருந்து துருத்தி நின்ற நீர்க்குழாய் அடைப்பானில் இடறினார். முன்றில் இலண்டன் மாவட்ட சபையின் பொறுப்பில் இருந்தது. கடைக்காரரைப் பொறுத்தவரை அவர் அழைக்கப்பட்டவராயினும், அச்சபையைப் பொறுத்தவரை அனுமதி பெற்றவரே என முடிவாயிற்று. கடையின் வாயிற்படியைத் தாண்டியிருந்தால் அவருடைய உரிமை வேறாக இருந்திருக்கும்!

சிறுவர் விடயத்தில் இக்கொடுமை இன்னும் கூர்மையானது. 1909இல் அயர்லாந்துப் புகையிரதக் கம்பனியொன்றின் சுழல்மேடையில் விளையாடிக் காயமுற்ற சிறுவனுக்கு, வேலியின் இடைவெளியூடாகப் பிள்ளைகள் வருவதைக் கம்பனி பொறுத்துக்கொண்டமையையே மறைமுக அனுமதியாகக் கொண்டு பிரபுக்கள் சபை உதவியது. இரக்கம் நேராக நுழைய முடியாதபோது புனைவின் வழியே நுழைந்தது எனலாம். இருபது ஆண்டுகள் கழிந்து அப்புனைவும் கைவிடப்பட்டது. ஸ்கொட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றுக்குரிய வயலில் பிள்ளைகள் விளையாடுவது யாவரும் அறிந்த செய்தி. அங்கிருந்த இழுவைச் சக்கரத்தில் அகப்பட்டு நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். 1929ஆம் ஆண்டின் அடி எதிர் டம்பிறெக் தீர்ப்பு அவனை அத்துமீறி நுழைந்தவனெனக் கொண்டு தந்தையின் கோரிக்கையை நிராகரித்தது. நான்கு வயதினன் ஒருவனுக்குச் சொத்தெல்லை பற்றிய அறிவை ஏற்றிக்கூறிய அத்தீர்ப்பை இன்று வாசிப்போர் கூச்சமின்றி வாசித்தல் அரிது.

இவ்விடத்தில் உரோமச் சட்டத்தை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் அக்குவிலியச் சட்டத்துக்கு விளக்கமெழுதிய பவுலுஸ் என்னும் சட்டவறிஞர், மரக்கிளையை வெட்டி வீழ்த்துபவன் குரல்கொடுக்காது வழிச்செல்லும் அடிமையைக் கொன்றுவிடும் உதாரணத்தை ஆராய்கிறார். கவனமுடைய ஒருவன் முன்கூட்டி உணர்ந்திருக்கக்கூடியதை உணராதுவிடுதலே குற்றம் என்ற கருத்தை, முக்கியுசு என்ற முந்திய அறிஞரை மேற்கோள்காட்டி அவர் முன்வைக்கிறார். அங்கே வினா வெட்டியவனை நோக்கியது. இலங்கையின் தீங்கியற் சட்டம் இம்மரபினின்றே வந்தது. ஒல்லாந்தர் காலத்து உரோமன் ஒல்லாந்தச் சட்டம் 1799 செப்டெம்பர் 23ஆம் திகதியப் பிரகடனத்தின் வழியாகப் பிரித்தானியர் ஆட்சியிலும் நிலைபெற்றது. ஆங்கிலத் தீர்ப்புகள் எமது நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்தாளப்பட்டபோதிலும், கவனயீனம் பற்றிய வழக்கின் அடித்தளம் அக்குவிலிய மரபேயாகும். ஸ்கொட்லாந்தும் உரோம வேரினையுடையதே. அதன்மீது ஆங்கிலப் படிநிலையை ஏற்றியது 1929ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இங்கிலாந்திலேயே 1932இல் டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, அயலவனுக்குரிய பொதுக் கவனக் கடமையை நிறுவிவிட்டது. போத்தற் பானம் தயாரித்தவன் முன்பின் அறியாத நுகர்வோனுக்குக் கடமைப்பட்டான். வீட்டுக்காரனோ தன் விருந்தினனுக்கு அவ்வளவு கடமைப்படவில்லை. இம்முரண்பாடு இன்னும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1954இல் சட்டச் சீர்திருத்தக் குழு அறிக்கை சமர்ப்பிக்க, 1957ஆம் ஆண்டின் இடப்பொறுப்புச் சட்டம் முதலிரு படிகளையும் ஒன்றாக்கியது. முறைப்படி வரும் எவருக்கும் "பொதுவான கவனக் கடமை" உரித்தாயிற்று. சிறுவர் பெரியோரிலும் கவனங் குறைந்தவராயிருப்பர் என்பதை எதிர்பார்க்கவேண்டும் என அச்சட்டம் வெளிப்படையாகக் கூறியது. எச்சரிக்கைப் பலகையொன்றைத் தொங்கவிடுதல் மட்டும் போதாது; வருபவர் நியாயமான அளவில் பாதுகாப்பாயிருக்க அது உதவவேண்டும் என்றும் விதித்தது.

அத்துமீறி நுழைவோர் இச்சட்டத்துக்குப் புறம்பாகவே விடப்பட்டனர். ஸ்கொட்லாந்துக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் உள்ளடக்கியது, இங்கிலாந்து தயங்கியது. 1965இல் இலண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்னுமிடத்தில், சிதைந்த வேலியினூடாகச் சென்ற ஆறு வயதுச் சிறுவன் மின்னோட்டமுள்ள தண்டவாளத்திற் பட்டுக் கடும் எரிகாயமடைந்தான். பிள்ளைகள் பாதையிற் காணப்பட்டனர் என்ற செய்தி நிலைய அதிபருக்கு முன்னரே எட்டியிருந்தது. 1972இல் பிரபுக்கள் சபை, 1966இல் தானே ஏற்றுக்கொண்ட, தன் பழைய தீர்ப்புகளினின்றும் விலகும் அதிகாரத்தின் துணையுடன், மனிதாபிமானக் கடமை ஒன்று உண்டெனக் கூறிச் சிறுவனுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1984இல் அதற்குப் பதிலாகச் சட்டமே இயற்றப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா உயர்நீதிமன்றமோ 1968இலேயே, நண்பர் வீட்டுக் குளியலறையில் உடைந்த குழாய்ப்பிடியால் கையறுபட்ட விருந்தினரின் வழக்கில், மூன்று படிகளையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டிருந்தது.

கடமை தெளிவானபின் எஞ்சியது நிரூபணம். 1974இல் லிவர்பூல் நகரில் டெஸ்கோ நிறுவனத்தின் பேரங்காடியொன்றில் ஒரு பெண் தரையிற் சிந்தியிருந்த யோகட்டில் வழுக்கி வீழ்ந்தார். அது எப்பொழுது சிந்தியது, எவர் சிந்தியது என்பதை வீழ்ந்தவர் எவ்வாறு அறிவார்? நாளொன்றுக்கு ஐந்தாறு முறை தரை கூட்டப்படுவதாக நிறுவனம் கூறியது. மூன்று வாரங்களின் பின் அப்பெண் மீண்டும் அங்கு சென்றபோது, சிந்திய தோடம்பழச்சாறு கால் மணித்தியாலம்வரை எவராலும் கவனிக்கப்படாது கிடந்ததைக் கண்டிருந்தார். 1976இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர், தரையின் நிலைக்கு விளக்கமளிக்கும் பொறுப்பு அதனைப் பேணுபவருக்கே உரியதென்றனர். அவருக்குக் கிடைத்த தொகை 178 பவுணும் ஐம்பது பென்சும். மூவருள் ஒருவரான நீதியரசர் ஓர்ம்றொட் உடன்படவில்லை. வேறொரு வாடிக்கையாளர் அக்கணத்திற்குச் சற்று முன்னரே அதனைத் தட்டி வீழ்த்தியிருக்கலாம், அவ்வாறாயின் எத்தகைய கவனமும் விபத்தைத் தடுத்திருக்காது என்பது அவர் எழுப்பிய ஐயம்.