ரோதாங்கில் மறைந்த விமானம்

லடாக்கின் தலைநகராகிய லே நகருக்குத் தரைமார்க்கமாகச் செல்ல விரும்புவோர், காஷ்மீரத்திலிருந்து ஜோஜி கணவாயையோ, மணாலியிலிருந்து ரோதாங் கணவாயையோ கடந்தாக வேண்டியிருந்த காலத்தில், அவ்விரு வழிகளும் குளிர்காலம் முழுவதும் பனியால் அடைபட்டுக் கிடந்தமையால், எல்லையைக் காத்து நின்ற சிப்பாய்களுக்கு அரிசி முதல் ஆயுதம் வரை சகலமும் ஆகாய மார்க்கமாகவே போய்ச் சேர்ந்தன. அந்த மார்க்கத்தைத் திறந்தவர் மெஹர் சிங் என்ற விமானப்படை அதிகாரி. 1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, பிராணவாயு வசதிகூட இல்லாத ஒரு டகோட்டா விமானத்தைச் சிகரங்களுக்கு மேலாக ஓட்டிச் சென்று, சிந்து நதியோரம் சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் அமைத்திருந்த மணல்தரையில் அவர் இறக்கினார். 1962 சீன யுத்தத்தின்போது, சோவியத் தேசத்தில் செய்த ஏ.என்.-12 விமானங்கள், டாங்குகளையே சூசூல் என்னும் மலைத்தளத்துக்குத் தூக்கிச் சென்று இறக்கின.

நான்கு எஞ்சின்கள் கொண்ட அத்தகைய ஏ.என்.-12 ஒன்று, 1968 பிப்ரவரி 7 அன்று, ராணுவத்தினர் உள்ளிட்ட 102 பேருடன் சண்டீகரிலிருந்து லேக்குப் புறப்பட்டது. லே விமானத்தளம் சுமார் 10,700 அடி உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது; அங்கே காற்று மெல்லியதாகையால் விமானத்தின் வலு குறைகிறது, பிற்பகலில் பலத்த காற்று எழுகிறது, மலைகளைக் கண்ணால் கண்டே இறங்க வேண்டியிருப்பதால் மேகம் மூடிவிட்டால் தளம் இருந்தும் இல்லாததே. அன்றும் லேயில் வானிலை கெட்டிருந்தது. விமானி திரும்பிவிடத் தீர்மானித்தார். பிடிவாதமாக இறங்க முயன்று விபத்துக்குள்ளானவர்களைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். இவரோ விவேகத்தோடு திரும்பி வந்தவர், ஆகையால் அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பும் வழியில், ரோதாங் கணவாயை நெருங்கிய பகுதியில், அவருடைய குரல் வானொலியில் கடைசியாகக் கேட்டது. தேடுதல் நடந்தும் தடயம் ஒன்றும் அகப்படவில்லை.

முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்தன. 2003-ல் லாஹூல் பிரதேசத்தில், சந்திரபாகா-13 என்னும் சிகரத்தை ஏறச் சென்ற மணாலி மலையேற்றப் பள்ளிக் குழுவினர், டாக்கா பனியாற்றின் மேல் விமானத்தின் சிதைவுகளையும், அருகே ஒரு சிப்பாயின் பிரேதத்தையும் கண்டார்கள். பனியாறு என்பது நின்றுவிட்ட பனியன்று. மேலே விழும் பனி அழுந்தி இறுகி, தன் பாரத்தினாலேயே சரிவில் மெல்ல மெல்ல ஊர்ந்து, கீழே வெப்பம் மிகுந்த இடத்தில் உருகி, தான் விழுங்கியதை எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு வெளியே தருவது.

அதன்பின் டோக்ரா ஸ்கௌட்ஸ் படையினர் பல முறை ஏறித் தேடினார்கள். 2019-ல் சுமார் 5,240 மீட்டர் உயரத்தில் எஞ்சின், சுழல்விசிறி, விமானியறைக் கதவு முதலியவற்றைக் கண்டெடுத்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் நான்கு உடல்கள் கிடைத்தன; அவற்றுள் சிலவற்றை, உடையிலிருந்த காகிதங்களையும் சம்பளப் புத்தகத்தையும் கொண்டே அடையாளம் கண்டார்கள். ஐம்பத்தாறு வருஷம் பனிக்குள் கிடந்தும் எழுத்து அழியாமல் இருந்ததென்றால், அந்தக் குளிர் எத்தகையது என்பதை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் மறைந்த ஒருவரின் உடல் கேரளத்துச் சிற்றூருக்கு வந்தபோது, பெற்றோர் இல்லை. முதுமையெய்திய உடன்பிறந்தோர்தாம் அடக்கம் செய்தார்கள்.

இடையில் கிடைத்தவற்றையும் சேர்த்து, இதுவரை மீண்டவை 9 உடல்கள். எஞ்சியவர்கள் 93 பேர். முதல் தடயத்தை அளித்தது அரசாங்கத்தின் தேடுதலன்று, வேறு காரியமாகப் போன மலையேறிகளின் அதிர்ஷ்டம் என்பதை மறக்கலாகாது. பனி இளகும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வருஷந்தோறும் ஒரு குழுவை அந்தப் பனியாற்றுக்கு அனுப்புவதை, அவ்வப்போது நடக்கும் வீரப் பயணமாகக் கருதாமல், ராணுவம் தன் நிரந்தரக் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.