பழுதுபார்த்து வாழவைத்த வண்டி: ஃபோக்ஸ்வாகன் கேம்பரின் வரலாறு

ஒரு மோட்டார் வண்டி நெடுங்காலம் ஓடினால் அதற்கு அதன் உறுதியே காரணம் என்று கொள்வது வழக்கம். ஜெர்மனியில் பிறந்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனின் வரலாறு இந்தக் கருத்தோடு பொருந்துவதில்லை. ஓட்டவும் உறங்கவும் சமைக்கவும் ஒரே கூட்டில் இடம் தரும் சிறு வேனே கேம்பர் வேன் எனப்படுகிறது. வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் கேரவனிலிருந்து இது வேறானது. இவ்வகை வேன்களில் உலகெங்கும் மிகுதியாக அறியப்பட்ட ஃபோக்ஸ்வாகன், எளிதில் துருப்பிடித்தது, மேட்டில் திணறியது, பக்கக் காற்றில் தள்ளாடியது. ஆயினும் அறுபது, எழுபது ஆண்டு வயதான வேன்கள் இன்றும் குடும்பங்களைச் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கடக்கின்றன. தன் உடைமையாளர் தானே பிரித்து, புரிந்துகொண்டு, மீண்டும் பூட்டக்கூடிய எளிய அமைப்பை இந்த வண்டி கொண்டிருந்ததே அதற்குக் காரணம். இதன் வரலாற்றில் பாதி தொழிற்சாலையில் நிகழ்ந்தது என்றால், மறுபாதி உடைமையாளர்களின் கொட்டகைகளிலும் சாலையோரங்களிலும் நிகழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வொல்ஃப்ஸ்புர்க் நகரின் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவத்தின் மேற்பார்வையில் இருந்தது. ஆலைக்குள் பாகங்களை இடம் மாற்றுவதற்காக, பீட்டில் காரின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு மரத்தளத்தைப் பொருத்திய எளிய சுமைவண்டிகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்ட டச்சு வணிகர் பென் பொன், 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வடிவ வண்டியைக் கிறுக்கலாக வரைந்தார். ஓட்டுநர் முன் அச்சின்மேல், எஞ்சின் பின் அச்சின்மேல், சுமை இரண்டுக்கும் நடுவில் என்பதே அந்தப் படம் சொன்ன செய்தி. சுமை நடுவில் அமைவதால் வண்டி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் எடை இரு அச்சுகளிலும் ஏறத்தாழச் சமமாக விழும். பின்னாளில் அந்த நடுவெளியே படுக்கையறையாக மாறும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க வழியில்லை. ஹைன்ரிஷ் நோர்ட்ஹொஃப் 1948இல் ஆலையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபின் இத்திட்டம் வேகம் பெற்றது. 1950 மார்ச்சில் தொடர் உற்பத்தி தொடங்கியது. 1131 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சின், முக்கால் டன் சுமையோடு அந்த வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது. இந்தப் பற்றாக்குறையை மனத்தில் கொள்ளாமல் பிற்கால கேம்பர் பயணங்களின் நிதானத்தைப் புரிந்துகொள்ள இயலாது. 1956இல் உற்பத்தி ஹனோவர் நகரில் எழுந்த புதிய ஆலைக்கு மாறியது. ஜெர்மானியர் இவ்வண்டியைச் செல்லமாக ‘புல்லி’ என்று அழைத்தனர்.

வேனை வீடாக்கிய பெருமை வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தைச் சேரும். வீடன்ப்ரூக் என்ற சிற்றூரில் 1844இல் ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1951இல் ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரப்பெட்டித் தொகுதியை உருவாக்கியது. படுக்கையாக விரியும் இருக்கை, மடிப்பு மேசை, அலமாரி, கட்டம் போட்ட திரைச்சீலை ஆகியவை அதில் அடங்கும். வேண்டும்போது வேனுக்குள் ஏற்றவும் வேண்டாதபோது இறக்கி வைக்கவும் முடிந்ததுதான் அத்தொகுதியின் சிறப்பு. போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த மேற்கு ஜெர்மனியில் தொழிலுக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு மற்றொன்று என வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. வாரநாளில் சரக்கு ஏற்றிய வண்டி வாரஇறுதியில் குடும்பத்தோடு புறப்படுவதற்கு இந்தப் பெட்டி வழிசெய்தது. பொருளாதாரம் நிமிர்ந்து, ஊதியத்தோடு கூடிய விடுப்பும் பரவியபோது, ப்ரென்னர் கணவாய் வழியே இத்தாலிக்குக் காரோட்டிச் செல்வது ஜெர்மானியக் குடும்பங்களின் கோடைகால வழக்கமாயிற்று. கேம்பரும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது. நாளடைவில் கழற்றும் பெட்டி போய், நிலையாகப் பொருத்திய அறைக்கலன்கள் வந்தன. ‘சிறப்பு அமைப்பு’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கமாக ‘எஸ்ஓ’ என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் அவை பெயராகக் கொண்டன. எஸ்ஓ 23, எஸ்ஓ 42 முதலிய எண்களை இன்றைய சேகரிப்பாளர்கள் மனப்பாடமாகச் சொல்வர். நின்றபடி உடை மாற்ற உதவும் எழும்பும் கூரையும் பின்னர் பொதுவாயிற்று.

பிரிட்டனில் இதே வேனை வீடாக்கும் தொழில் பல பட்டறைகளாகக் கிளைத்தது. ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் ‘டோர்மொபில்’ என்ற பெயரில், பக்கவாட்டில் கீல் வைத்து எழும்பும் வரிக்கோட்டுத் துணிக் கூரையைப் பொருத்தியது. சிட்மத் ஊரின் டெவன் பட்டறை மரவேலையில் பெயர் பெற்றது. குடியிருப்பு வசதிகள் பொருத்திய வேனுக்கு அந்நாட்டில் அக்காலத்தில் விற்பனையின்போது விதிக்கப்பட்ட ‘பர்ச்சேஸ் டாக்ஸ்’ என்ற வரியிலிருந்து விலக்குக் கிடைத்ததும் இத்தொழிலுக்கு உரமிட்டது.

அமெரிக்காவில் புதிதாக இறங்கிய வேனைவிட, கைமாறிய வேனுக்கே பெரிய வரலாறு உண்டு. 1960களின் இறுதியில் பத்து, பதினைந்து ஆண்டு பழையனவாகிவிட்ட வேன்கள் மிக மலிவாகக் கிடைத்தன. வேலையும் வீடும் நிலையாக அமையாத இளைஞர் அவற்றை வாங்கித் தாமே பலகை அடித்துப் படுக்கை போட்டுக்கொண்டனர். ஐரோப்பாவில் இதே தலைமுறை இஸ்தான்புல்லில் தொடங்கி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் காத்மாண்டுவுக்கும் தரைவழியே புறப்பட்டது. அந்தப் பாதையில் பேருந்துகளும் இராணுவம் கழித்த லாரிகளும் ஓடினாலும், பலரது நினைவில் நிலைத்தது ஃபோக்ஸ்வாகன் வேனே. 1979இல் ஈரானில் புரட்சி வெடித்ததும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை அடைத்தன.

அக்கால வேன்களை வாழவைத்த கருவி ஒரு நூல் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஜான் மியூர் என்ற பொறியாளர் 1969இல் வெளியிட்ட ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்ப்புக் கையேடு, மெக்கானிக் தொழிலை அறியாதவரை முன்னிறுத்தி எழுதப்பட்டது. பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த நுண்ணிய கோட்டோவியங்கள் எஞ்சினின் உட்புறத்தைப் பிரித்துக் காட்டின. நிறுவனங்களின் பணிமனைக் கையேடுகள் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே பேசியபோது, மியூரின் நூல் எஞ்சினின் ஓசையைக் கேட்கவும், வெப்பத்தை உணரவும், அவசரப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் கற்பித்தது. வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது, தீப்பொறி விழும் நேரத்தை ஒழுங்குசெய்வது, எண்ணெய் மாற்றுவது ஆகிய பணிகள் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உடைமையாளரே செய்துகொள்ளும் வீட்டு வேலைகளாயின. வண்டியை அறியும் அறிவு தொழிற்சாலையிடமிருந்து வண்டி வைத்திருப்பவரிடம் மாறியதே கேம்பர் வரலாற்றின் நடுப்புள்ளி என்று துணிந்து கூறலாம். அந்த மாற்றம் நிகழாதிருந்தால் இவ்வேன்களில் பெரும்பாலானவை 1980களிலேயே பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இவ்வறிவின் உள்ளடக்கத்தை அறிய, வண்டி எவ்வாறு முதுமை அடைகிறது என்பதைக் காண வேண்டும். 1967இல் வந்த இரண்டாம் தலைமுறை வரையிலும், அதன்பின் சில ஆண்டுகளும் இவ்வேன்களின் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்பட்டது. தண்ணீரோ ரேடியேட்டரோ கிடையாது. ஒரு விசிறி காற்றை இழுத்து, தகர உறைகளின் வழியே சிலிண்டர்களின்மேல் செலுத்தும். எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு வயதால் வெடித்து உதிர்ந்தால், கீழே வெளியேறிய சூடான காற்றே மறுபடியும் மேலே ஏறி விசிறிக்குள் புகும். ஓட்டுநர் அறியாமலே எஞ்சின் தன் சூட்டைத் தானே குடித்து வெந்துபோகும். பழைய எஞ்சின்களில் எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறைத்து நின்றதால், மற்றவற்றினும் அதுவே மிகுதியாகச் சூடேறியது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பாகத்தை இடம் மாற்றி இக்குறையைப் போக்கினர். இவற்றினும் கொடியது பெட்ரோல் குழாய். சில ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விடும் ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். பல வண்டிகளில் எஞ்சின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம் ஆதலால் தீ பற்றியபின் அணைப்பது அரிது. குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காலம் வந்ததும் மாற்றிவிடுவது அனுபவமுள்ளோர் கைவிடாத ஒழுக்கம்.

எஞ்சினைவிடப் பெரிய பகை துரு. இவ்வண்டிக்குத் தனியான கனத்த அடிச்சட்டம் இல்லை. தரையும் பக்கச் சுவரும் அடியில் ஓடும் மெல்லிய குறுக்குக் கட்டைகளும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு அவையே எடையைத் தாங்குகின்றன. எனவே வாசற்படிக்குக் கீழுள்ள நீண்ட பெட்டிக் கட்டையில் துரு ஏறினால் அது அழகுக்குறையாக நிற்பதில்லை, வண்டியின் முதுகெலும்பே அரிக்கப்படுகிறது. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு இந்த அரிப்பைப் பன்மடங்காக்கியது. கூரையோர மழைநீர் வடிகால், சக்கர வளைவு, சன்னல் ரப்பரின் அடிப்பகுதி ஆகியவை முதலில் போகும் இடங்கள். மேலே பளபளக்கும் வண்ணப்பூச்சின் அடியில், வெட்டி எறிய வேண்டிய தகரத்தின்மேல் ஒட்டுத்தகரம் வைத்து மூடப்பட்டிருப்பது விற்பனைக்கு வரும் வேன்களில் அரிதன்று. வாங்குவோர் படுக்கையின் மெத்தையைப் பார்க்குமுன் படுத்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் பாடம். இதனால் ஒரு விந்தையான வணிகம் பிறந்தது. அரைநூற்றாண்டுக்கு முன் ஹனோவரிலிருந்து கலிஃபோர்னியா, அரிசோனா முதலிய வறண்ட மாநிலங்களுக்கு ஏற்றுமதியான வேன்கள், வெயிலில் வண்ணம் வெளுத்தும் தகரம் கெடாமலும் இருந்ததால், கப்பலேறி ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் திரும்பத் தொடங்கின.

1979இல் வந்த மூன்றாம் தலைமுறை அகன்றது, வசதி மிக்கது. 1980களின் தொடக்கத்தில் அதற்குத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் பொருத்தப்பட்டபோது சூடு பற்றிய கவலை குறைந்து வேறொரு கவலை வந்தது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் என்பதால் குளிர்நீர் வண்டியின் முழு நீளமும் சென்று திரும்ப வேண்டும். நெடிய குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் முதுமையில் கசிந்தன. 1990இல் எஞ்சின் முன்பக்கம் சென்றதோடு பென் பொன் வரைந்த அமைப்பு ஜெர்மனியில் முடிவுக்கு வந்தது என்றே கொள்ளலாம்.

பழைய வேனுக்குச் சட்டம் தந்த இடமும் அதன் ஆயுளை நீட்டியது. ஜெர்மனி 1997இல் ‘எச்’ என்ற எழுத்தோடு முடியும் தனிப் பதிவெண்ணை அறிமுகம் செய்தது. வரலாற்றுச் சிறப்புடையது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. முதற்பதிவு நடந்து 30 ஆண்டுகள் நிறைந்து, மூல வடிவம் கெடாமல் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கே அது கிடைக்கும். கிடைத்தால் எஞ்சின் அளவைப் பாராமல் ஒரே அளவான ஆண்டு வரி போதும். நகரங்களின் புகைக்கட்டுப்பாட்டு வட்டங்களுக்குள்ளும் நுழையலாம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்து, பெருமளவு மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அமெரிக்காவோ 25 ஆண்டு கடந்த வெளிநாட்டு வண்டி அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்காவிடினும் இறக்குமதியாக இசைவளிக்கிறது. இச்சலுகைகளோடு விலையும் ஏறியது. வாடகை கொடுக்க இயலாத இளைஞரின் கூரையாக இருந்த வேன், புதிய காரைவிட விலையுயர்ந்த சேகரிப்புப் பொருளாயிற்று. பலர் அதைத் துணியால் மூடிக் கொட்டகையில் நிறுத்திவைத்து ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சிக்கு மட்டும் எடுக்கின்றனர். இது வருந்தத்தக்க திருப்பம். ஓடாத வண்டியில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்கள் காய்கின்றன, பிரேக் உருளைகள் இறுகுகின்றன, பெட்ரோல் தொட்டிக்குள் துரு படிகிறது. அதனினும் மேலாக, ஓட்டியும் பழுதுபார்த்தும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிய அறிவும் நின்றுவிடுகிறது.

நெடும்பயணம் போவோரிடமே அந்த அறிவு உயிரோடு இருக்கிறது. விரைவுச்சாலையைத் தவிர்த்துப் பழைய ஊர்ச்சாலைகளைத் தேர்வது, மலையேற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைத் திணறவிடாமல் சுழலவிடுவது, உச்சியில் நிறுத்தி ஆறவிடுவது, விசிறிப் பட்டையும் ஆக்சிலரேட்டர் கம்பியும் ஒரு நீளப் பெட்ரோல் குழாயும் எப்போதும் உடன் வைத்திருப்பது ஆகியவை அவர்களது வழக்கம். விசிறிப் பட்டை அறுந்தால் பழைய வகைக் காற்றுக் குளிர்விப்பு எஞ்சின் சில நிமிடங்களில் கெட்டுவிடும் என்பதால், மின்கல எச்சரிக்கை விளக்கு எரிந்த கணமே நிறுத்த வேண்டும் என்பதைப் புதிதாக வாங்கியவருக்கு மூத்தோர் முதலில் சொல்லித் தருகின்றனர். விசிறியையும் மின்னாக்கியையும் ஒரே பட்டை சுழற்றுவதே அதன் காரணம்.

ஜெர்மனி கைவிட்டபின்னும் பிரேசிலில் இவ்வேன் ‘கோம்பி’ என்ற பெயரில் தொடர்ந்தது. சாவோ பெர்னார்டோ டோ காம்போ நகரில் 1957இல் தொடங்கிய உற்பத்தி, 2005இன் இறுதியில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு மாறி, மேலும் எட்டு ஆண்டுகள் நடந்தது. புதிய கார்கள் அனைத்திலும் காற்றுப் பையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் கட்டாயம் என்ற பிரேசில் சட்டம் 2014 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வரவிருந்தது. அந்தப் பழைய கூட்டுக்குள் அவற்றைப் பொருத்த வழியில்லாமல் 2013 டிசம்பரில் உற்பத்தி நின்றது. அவ்வாண்டில் பதிவான கடைசிக் கோம்பிகளுக்கு, ஜெர்மனியின் ‘எச்’ பதிவெண் கோரும் 30 ஆண்டு வயது 2043இல் நிறைவடையும்.