தேனூர் மண்டபம்

சித்திரைப் பௌர்ணமியன்று தங்கக் குதிரை வாகனத்தில் வைகையாற்றில் எழுந்தருளும் கள்ளழகரைச் சேவிக்க மதுரையில் திரளும் மக்கள் வெள்ளத்தைக் கண்டறியாதார் இலர். ஆயினும், அப்பெருவிழா முற்காலத்தில் மாநகருக்கு வடமேற்கே வைகைக் கரையில் உள்ள தேனூர் என்னும் சிற்றூரில் நடைபெற்று வந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

தேனூர் தொன்மை மிக்க ஊர். சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய ஐங்குறுநூற்றில், மருதத் திணைப் பாடல்களில் அப்பெயர் பயில்கின்றது. கரும்பாலைகள் ஒலித்த அதன் வளம் அங்கே பேசப்படுகின்றது. 2009-ஆம் ஆண்டில் இவ்வூரில் கிடைத்த பொற்கட்டிகளில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தமை இதன் பழஞ்சிறப்புக்கு மற்றொரு சான்றாகும்.

துர்வாச முனிவரின் சாபத்தால் மண்டூகமாகிய, அதாவது தவளை வடிவுற்ற, சுதபஸ் முனிவர் வைகைக் கரையில் தவம் கிடந்தார் என்பதும், சுந்தரராஜப் பெருமாள் எழுந்தருளி அவருக்குச் சாப விமோசனம் அளித்தார் என்பதும் புராணம். அதனை நினைவுகூரும் வண்ணம், எம்பெருமான் திருமாலிருஞ்சோலை மலையினின்று இறங்கி, அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்கு ஆண்டுதோறும் எழுந்தருளுவார். அலங்காநல்லூர் என்னும் பெயரே, பெருமாள் அங்கு அலங்காரம் கொண்டருளியதால் வந்தது என்பர்.

திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில் இம்மரபு மாறியது. மீனாட்சியம்மை திருக்கல்யாணம் அதற்கு முன்னர் மாசித் திங்களில் நடைபெற்று வந்தது. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளிலேயே வலம் வருவது அப்பழமையின் அடையாளம். அறுவடை முடிந்து குடிகள் ஓய்ந்திருக்கும் சித்திரைக்கு அவ்விழாவை மாற்றிய மன்னர், அழகர் ஆற்றில் எழுந்தருளும் விழாவையும் மதுரைக்குக் கொணர்ந்து அதனோடு இணைத்தார். சைவரும் வைணவரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே ஆற்றுமணலில் கூடும் பெரும்பேறு அதனால் வாய்த்தது.

மதுரைக்குக் கிட்டிய அப்பேறு தேனூருக்கு இழப்பன்றோ? தலைமுறை தலைமுறையாகத் தம் ஊர்த் துறைக்கு வந்த பெருமாள் இனி வாரார் எனில், அவ்வூரார் உள்ளம் எவ்வாறு ஆறும்? அவர்தம் உரிமை அழிந்துபடாதிருக்கவே வண்டியூருக்கு அருகே வைகையாற்றினுள் ஒரு மண்டபம் எழுப்பப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. அது மதுரையில் இருப்பினும் அதன் பெயர் தேனூர் மண்டபம்!

பெருமாள் ஆற்றில் எழுந்தருளிய மறுநாள், வண்டியூரில் சேஷ வாகனத்தில் காட்சியளித்து, பின்னர்க் கருட வாகனத்தில் இம்மண்டபத்தில் எழுந்தருளுகிறார். நாரை பறக்கவிடப்பட, மண்டூக முனிவருக்கு மோட்சம் அருளும் வைபவம் நிகழ்கின்றது. அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி. தேனூர் மக்கள் தம் ஊரின் பெயர் தாங்கிய மண்டபத்தில் பெருமாளைச் சேவித்து மகிழ்கின்றனர். தேனூரிலும் சுந்தரராஜப் பெருமாள் வைகையில் இறங்கும் விழாவைத் தம் அளவில் நடத்தி, பழைய முறையை மறவாது போற்றி வருகின்றனர்.

அழகர் வரும் வழியெங்கும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் அல்லது ஒரு குலத்தின் பக்தி நிலைபெற்றுள்ளது. அரசாட்சிகள் பல மாறின. வைகையின் நீரும் குறைந்தது. எனினும் ஒரு சிற்றூருக்கு அளித்த உரிமை கல்லாலும் கைங்கரியத்தாலும் காக்கப்பட்டு நிற்கின்றது. பெருவிழாவைக் காணச் செல்லும் அன்பர்கள் தேனூர் மண்டபத்தின் முன் ஒரு கணம் நின்று, தம் பெருமாளை உலகோர்க்கெல்லாம் அளித்த அவ்வூராரையும் நினைந்து தொழுவார்களாக!