டெலிகேட்: மெத்தட் பெயரிலிருந்து உருவாக்கல்

நிரல் ஓடிக்கொண்டிருக்கையில், ஸ்டிரிங்காகக் கிடைக்கும் பெயரைக் கொண்டு ஒரு மெத்தடைக் கண்டுபிடித்து, அதை அழைக்கும் டெலிகேட்டை (மெத்தடைச் சுட்டும் பொருளை) ஆக்கிக்கொள்ளும் முறை. சி ஷார்ப் முதலிய டாட்நெட் மொழிகளில் வழங்குகிறது.

பெயரால் அழைக்கும் வழக்கம் லிஸ்ப், ஸ்மால்டாக் காலத்திலிருந்தே உண்டு.

இன்றைய வடிவத்துக்கு நெருங்கிய முன்னோடி, போர்லண்ட் 1995இல் வெளியிட்ட டெல்ஃபி. திரையில் வைத்த பட்டனை இருமுறை சொடுக்கினால் 'பட்டன்1கிளிக்' என்றொரு மெத்தட் முளைக்கும். ஃபார்ம் கோப்பில் ஏறுவதோ 'ஆன்கிளிக் = பட்டன்1கிளிக்' என்ற ஒற்றை வரிதான். நிரல் ஓடும்போது அந்தப் பெயரை வகுப்பின் 'பப்ளிஷ்டு' மெத்தட்களுக்குள் தேடி, மெத்தடின் முகவரியோடு பொருளின் முகவரியையும் இணைத்துச் சுட்டியாக்கும். மெத்தடின் பெயரை மாற்றிவிட்டு ஃபார்மில் மாற்ற மறந்தால் கம்பைலர் வாய் திறக்காது. திரை திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

டெல்ஃபியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க் 1996இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 1998இல் வந்த விஷுவல் ஜே++ 6.0 ஜாவாவுக்குள் டெலிகேட்டைப் புகுத்தியது. வகுப்புக்குள் வகுப்பான இன்னர் கிளாஸ் இருக்க இது எதற்கு என்று ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அறிக்கை விட, மைக்ரோசாஃப்ட் மறுப்பு அறிக்கை விட்டது. சன் தொடுத்த வழக்குக்கு டெலிகேட்டே காரணம் என்பாருண்டு. ஆனால் வழக்கு 1997 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது, டெலிகேட் பிறகே அதில் சேர்ந்தது. 2001 ஜனவரியில் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. டெலிகேட் டெல்ஃபியின் நேர் வாரிசா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சாயல் மறுக்க முடியாதது.

2002இல் வந்த டாட்நெட் 1.0இல் 'கிரியேட்டெலிகேட்' என்ற மெத்தட் இடம்பெற்றது. டெலிகேட் வகை, பொருள், மெத்தட் பெயர் மூன்றையும் கொடுக்க வேண்டும். பெயரோ அளபுருக்களோ பொருந்தாவிட்டால் 'ஆர்கியுமென்ட் எக்செப்ஷன்' எழும். தேடும் செலவு ஒருமுறைதான். அதன்பின் ரிஃப்ளெக்ஷன் (நிரல் தன் வகைகளை ஓடும்போதே ஆராயும் வசதி) வழி அழைப்பதைவிட இது வேகமானது. 2005இல் வந்த 2.0 பொருத்த விதிகளைத் தளர்த்தியது.

2015இல் சி ஷார்ப் 6 'நேம்ஆஃப்' தந்தபின், நிரலிலேயே தெரிந்த பெயர்களைக் கம்பைலர் சரிபார்க்கிறது. 2022இல் டாட்நெட் 7 கொணர்ந்த, நிரலை முன்கூட்டியே எந்திர மொழிக்கு மாற்றும் நேட்டிவ் ஏஓடி முறையில், ஸ்டிரிங்கால் மட்டும் சுட்டப்படும் மெத்தட் பயன்படாதது எனக் கழிக்கப்படலாம்.